பெட்ரோல் மூடியில் சந்தனம்

பிள்ளைப்பாக்கம்
15.12.1991

அன்புள்ள எழிலரசிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதக் கை வரவில்லை. ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கும் பெண்டாட்டிக்குக் கடிதம் எழுதுகிறவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். இரண்டு தடவை மணிமங்கலம் வந்தேன். நீ உள் அறையை விட்டு வெளியே வரவில்லை. உன் அண்ணன் ரத்தினம் காபி கொடுத்து, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் மாப்பிள்ளை என்று அனுப்பிவிட்டார்.

வீடு அப்படியே இருக்கிறது. நான்தான் சமைக்கிறேன். உப்புப் போட்டேனா இல்லையா என்று சாப்பிடும்போதும் தெரிவதில்லை. உன் தையல் மிஷினில் மழைச் சாரல் படாமல் கோணி போட்டு மூடியிருக்கிறேன். நம் குழந்தை சுவாதி போய் நாற்பது நாளுக்கு மேல் ஆகிறது, எனக்கு அழுகையே வரவில்லை. பக்கத்து வீட்டு கங்கம்மாள் என்னைக் கல் மனசுக்காரன் என்கிறாளாம். இருக்கலாம்.

இப்போது அந்தப் புல் வெட்டுகிற டிராக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேரைக் கேட்டாலே உனக்கு எரியும் என்று தெரியும். குழந்தைக்குக் காய்ச்சல் அடித்த இரண்டு நாளும் கம்பெனியில் அதோடுதான் கிடந்தேன். வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள், அதற்குள் வாசல் புல்லை வெட்டியாக வேண்டும் என்று சூப்பர்வைசர் நரசிம்மன் விடவில்லை. இன்ஜினோ ஒரே சீராக ஓடாது. வேகம் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும், கடைசியில் நின்றுவிடும். கார்புரேட்டரை மூன்று தடவை கழற்றிக் கழுவினேன். பிளக் மாற்றினேன், ஸ்பிரிங் மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்துவிட்டு ஓட்டினால் பத்து நிமிஷம் ஒழுங்காக ஓடும். என் கைவேலை என்று பெருமைப்பட்டுக்கொள்வேன். அப்புறம் பழைய கதைதான்.

நீ ஆள் அனுப்பினாய். சாதாரணக் காய்ச்சல்தானே, சாயங்காலம் வருகிறேன் என்று திருப்பி அனுப்பினேன். மறுநாள் வந்தபோது குழந்தைக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ஒரு நாள் முன்னால் கொண்டுவந்திருக்கலாமே என்றார் டாக்டர். காரியம் முடிந்த அன்று நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "நீ அந்த மிஷினையே கட்டிக்கினு குடும்பம் நடத்து."

போன செவ்வாய்க்கிழமை, வண்டி ஓட்டுகிற நாகப்பன் பெட்ரோல் ஊற்றிவிட்டு மூடியைத் திருகாமல் சும்மா வைத்துவிட்டான். காலை முழுக்க இன்ஜின் ஒரே சத்தத்தில் ஓடியது. அப்போதுதான் மூடியை எடுத்துப் பார்த்தேன். அதன் நடுவில் குண்டூசி போகிற அளவுக்கு ஓர் ஓட்டை உண்டு. அதன் வழியாகக் காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் கீழே இறங்கும். அந்த ஓட்டையைச் சந்தனம் அடைத்திருந்தது.

ஆயுத பூஜைக்கு உங்கள் இரண்டு பேரையும் கம்பெனிக்கு அழைத்துப் போனேனே. நீ பொரி வாங்க வரிசையில் நின்றாய். சுவாதி சந்தனக் கிண்ணத்தோடு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, "யப்பா, இதுக்கு நெத்தி எங்க கீது?" என்று கேட்டாள். நான்தான் மூடியைக் காட்டினேன். கட்டை விரலால் அழுத்தி அப்பினாள். பூஜைப் பொட்டை யாரும் துடைப்பதில்லை. நானும் விளிம்பைப் பிடித்தே திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

இதை உனக்குச் சொல்லலாமா என்று நாலு நாள் யோசித்தேன். குழந்தை மேல் தப்பு ஒன்றும் இல்லை. நெற்றி என்று காட்டியவன் நான். ஆள் வந்தும் வராமல் இருந்தவனும் நான். நரசிம்மனிடம் மூடி பழுது என்று மட்டும் சொல்லி வேறு போட்டுவிட்டு, பழையதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வழியில் சைக்கிளை நிறுத்திவிட்டு அழுதேன்.

அந்த ஓட்டையின் அடைப்பை நான் குத்தி எடுக்கவில்லை. சந்தனம் கெட்டியாகக் காய்ந்திருக்கிறது, அதில் அவள் விரல் ரேகை அப்படியே இருக்கிறது. நம்மிடம் அவள் போட்டோ ஒன்றுகூட இல்லை. தீபாவளிக்குச் சுங்குவார்சத்திரத்தில் எடுக்கலாம் என்றிருந்தோம்.

உன் வளையல் டப்பாவில் பஞ்சு வைத்து அதில் மூடியை வைத்திருக்கிறேன். என்னோடு பேச வேண்டாம், தங்கவும் வேண்டாம். ஒரு தடவை வந்து பார். ஓரத்தில் லேசாக உதிர ஆரம்பித்திருக்கிறது, சீக்கிரம் வா. உனக்கு அம்மன் தெம்பு கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
சுவாதியின் அப்பா
தணிகாசலம்