வெள்ளைக் கத்தரியும் இரண்டு வாளி நத்தையும்

அக்டோபர் 6, 2024, ஞாயிறு

விடாமல் மழை. காலையில் இரண்டு பிளவுஸுக்குக் கொக்கி வைத்து முடித்தேன். மதியம் படகுத்துறைப் பக்கம் போனபோது டீக்கடைக்குள்ளிருந்தே சொர்ணம்மா குரல் கொடுத்தாள்: "என்ன சுகிர்தா, ரங்கத் போறியா? தக்காளி வாங்கவா?" நாலு பேர் சிரித்தார்கள். அதில் ஒருத்தி போன வருஷம்வரை என்னிடம் தைத்தவள்.

எட்டு மாதம் ஆகிறது. அந்தமானில் ஒரு மூலையில் கிடக்கும் இந்த லாங் ஐலண்டில் ஒரு பேச்சு கிளம்பினால் அது போய்ச் சேர வேறு ஊர் இல்லை, இங்கேயேதான் சுற்றிச் சுற்றி வரும்.

பிப்ரவரியில் வீட்டுத்தோட்டக் கண்காட்சி நடந்தது. காய்கறித் தட்டில் ஒரே அளவில் மூன்று காய் வைக்க வேண்டும் என்பது விதி. என் தட்டிலிருந்து ஒரு தக்காளியை எடுத்து, நடுவர் முன்னால், ஊர் முன்னால், அலமு சொன்னாள்: "இது ரங்கத் மார்க்கெட் தக்காளி. இவ வாங்கினப்ப நான் பக்கத்துல நின்னேன்." அலமு யார்? அடுத்த வீட்டுக்காரி. பன்னிரண்டு வருஷமாக ஒரே வேலி. என் குழம்பில் உப்புக் குறைந்தால் அவளுக்குத் தெரியும்.

என் தட்டை எடுத்துவிட்டார்கள். அதோடு விட்டார்களா? தட்டிலேயே ஏமாற்றுகிறவள் துணியில் எவ்வளவு அடிப்பாளோ என்று ஒரு பேச்சு. தையல் பாதியாகக் குறைந்துவிட்டது.

இந்த வருஷம் அதே மேஜைக்கு முன்னால் அவளைத் தலைகுனிய வைக்கிறேன். வைக்காவிட்டால் நான் சுகிர்தா இல்லை.

அக்டோபர் 8

என் வீட்டுக்காரர் சுரேந்தர் வந்திருக்கிறார். போர்ட் பிளேயர் ஃபீனிக்ஸ் பேயிலிருந்து கிளம்பும் படகில் இன்ஜின் வேலை அவருக்கு. வாரத்தில் ஒருநாள்தான் வீடு. கேட்டபடி விதை கேட்லாக் கொண்டுவந்துவிட்டார். வழவழ தாளில் நூறு பக்கம். போட்டிகளில் பரிசு வாங்கிய ரகங்களுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு தங்கப் பதக்கம் போட்டிருக்கிறான். பதக்கம் இல்லாத பக்கங்களைப் புரட்டவே இல்லை.

எனக்கு வேண்டியது இரண்டே குணம். ஒன்று, இந்தத் தீவுகளில் எந்த மார்க்கெட்டிலும் கிடைக்காத காயாக இருக்க வேண்டும். வாங்கினாள் என்று எவளும் வாயைத் திறக்க முடியாது. இரண்டாவது, எல்லாக் காயும் ஒரே அளவில் காய்க்க வேண்டும்.

மஞ்சள் தக்காளிக்கு இரண்டு பதக்கம். பார்க்க ஆசையாக இருக்கிறது. ஆனால் இந்த மண்ணில் வாடல் நோய் வந்து நின்ற நிலையில் செத்துப்போகும். முட்டைக்கோஸுக்கு இங்கே குளிர் எங்கே? சிவப்பு வெண்டை பரவாயில்லை, ஆனால் ஒருநாள் விட்டால் முற்றிவிடும். கண்காட்சி நாளுக்காக அது காத்திருக்குமா?

கடைசியில் வெள்ளைக் குட்டைக் கத்தரி. கோழிமுட்டை அளவு, பால் நிறம். "காய்கள் ஒரே சீராக இருக்கும், பல ஊர்களில் சோதித்துப் பதக்கம் பெற்றது" என்று போட்டிருக்கிறது. எந்த ஊரில் சோதித்தார்களோ, எங்கள் மழையிலா? இருக்கட்டும். பூவுக்கு ஜினியா: அடுக்கு இதழ், வெயிலில் நிறம் வெளுக்காதாம். ஜினியாவில் அலமுதான் மூன்று வருஷமாக முதல் பரிசு. அதையும் பிடுங்கிவிட வேண்டியதுதான்.

சுரேந்தர் சிரித்தார். "அரே, சோடோ யார், விட்டுத் தள்ளு. கத்தரிக்காய்க்குப் போய் ஜங்கா, சண்டையா?"

"கத்தரிக்காய்க்கு இல்ல" என்றேன்.

அக்டோபர் 20

விதை வந்தது. இன்றே ட்ரேயில் போட்டாயிற்று. எண்பது கத்தரி, நாற்பது ஜினியா. ட்ரேயைச் சுற்றிச் சாம்பல் வளையம். உள்ளங்கை அளவு ஆப்பிரிக்க நத்தைகள் இந்த மழைக்கு ஊர்வலமே நடத்துகின்றன.

அக்டோபர் 27

முளைத்துவிட்டன! எழுபத்தொன்று!

நவம்பர் 10

அலமு வேலியோரம் பாத்தி போட்டுக்கொண்டிருந்தாள். வெண்டை, பீன்ஸ், வழக்கமான கத்தரி, எல்லாம் நாற்று நிலையில். பச்சைப்பசேலென்று. எனக்கு வயிறு எரிந்தது. அவள் கை அப்படி, குச்சியை நட்டாலும் துளிர்க்கும்.

என்னைப் பார்த்துச் சிரிக்க வாயெடுத்தாள். நான் உள்ளே வந்துவிட்டேன்.

நவம்பர் 17

தூக்கம் வரவில்லை, எழுதியாவது தீர்க்கிறேன். இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை.

அந்தத் தக்காளி ரங்கத்தில் வாங்கியதுதான்.

மூன்றில் ஒன்று. ஒன்றே ஒன்று! மற்ற இரண்டும் நான் வளர்த்தது, நான் தண்ணி ஊத்தினது, நான் புழு பொறுக்கினது. மூணாவது கண்காட்சிக்கு முந்தினநாள் வெடிச்சுப் போச்சு. நான் என்ன பண்ணுவேன்? ரெண்டு மாசம் பாடுபட்டுட்டு ஒரு காய்க்காகத் தட்டை விடுறதா? எல்லாரும்தான் ஏதாவது பண்றாங்க. அவ என் காதுல சொல்லியிருக்கலாமே. "எடுத்துடு சுகிர்தா"ன்னு ஒரு வார்த்தை. எடுத்திருப்பேனே. மைக் இல்லாத குறையா ஊர் முன்னாடி —

அவள் சொன்னது நிஜம் என்பதற்காக அவளை மன்னிக்க வேண்டுமா? பொய் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

நவம்பர் 18, திங்கள்

செய்துவிட்டேன்.

தினமும் காலையில் நத்தை பொறுக்கி, வாளியில் உப்புப் போட்டுக் கொல்வது வழக்கம். இன்று உப்புப் போடவில்லை. ஐந்து மணிக்கு, சரியாக வெளுப்பதற்கு முன், இரண்டு வாளியையும் தூக்கிப்போய் வேலிக்கு மேலாக அலமுவின் பாத்தியில் கொட்டினேன். சத்தம்கூட வரவில்லை, ஈரமண் அல்லவா.

மனசு குளிர்ந்தது. மறைத்து என்ன பயன், நன்றாகவே குளிர்ந்தது. இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

நவம்பர் 19

அலமுவின் பாத்தியில் வெறும் காம்புகள். கறிவேப்பிலை உருவிய மாதிரி. பீன்ஸ் சுத்தம். வெண்டை சுத்தம்.

நவம்பர் 20

அலமு வந்தாள். பிப்ரவரிக்குப் பிறகு முதல் தடவையாக என் வாசலில். நான் மெஷினை நிறுத்தவில்லை.

"நாத்தெல்லாம் போச்சு சுகிர்தா. திரும்ப விதைச்சாக் கத்தரி கண்காட்சிக்கு வராது. உன்கிட்ட மிச்சம் இருந்தாக் குடேன்."

என்ன தைரியம்! துரத்தத்தான் வாயெடுத்தேன். அப்போதுதான் பளிச்சென்று தோன்றியது. கண்காட்சி ஃபாரத்தில் "விதை / நாற்று எங்கிருந்து" என்று ஒரு கட்டம் உண்டு. எல்லாரும் அதில் "மெயின்லேண்ட்" என்றுதான் எழுதுவார்கள். பக்கத்துத் தெருவில் வாங்கினாலும் மெயின்லேண்ட். அதில் ஒரு கௌரவம். அலமுவும் வருஷாவருஷம் அப்படித்தான். இந்த வருஷமும் எழுதட்டும். என் கையில் விதை ரசீது இருக்கிறது. அதே மேஜை, அதே நடுவர். நான் எழுந்து, "இது என் நாத்து. இவ வாங்கினப்ப நான் பக்கத்துல நின்னேன்" என்று சொன்னால் எப்படி இருக்கும்?

பத்து வெள்ளைக் கத்தரி நாற்று எடுத்துக் கொடுத்தேன். நல்ல நாற்றாகவே பார்த்து. செத்துப்போனால் யாரைப் பிடிப்பது?

"ரொம்ப நல்லா இருப்பே" என்றாள்.

இருக்கத்தான் போகிறேன்.

டிசம்பர் 15

என் செடிகளில் பூ. அவள் செடிகளிலும் பூ. அவளுடையது என்னுடையதைவிட அரை சாண் உயரம். பொறாமைப்படாதே, சுகிர்தா, அது உன் தூண்டில் புழு.

ஜனவரி 12, 2025

ஜினியா மலர்ந்துவிட்டது. அதன் நிறத்துக்கு என் பெட்டியில் துணி இல்லை. கேட்லாக்காரன் இந்த ஒன்றில் பொய் சொல்லவில்லை.

கத்தரியில் சொல்லியிருக்கிறான். ஒரே சீராம்! ஒன்று கோழிமுட்டை, ஒன்று வாத்துமுட்டை, ஒன்று கோலிக்குண்டு.

பிப்ரவரி 1

சுரேந்தரிடம் திட்டத்தைச் சொன்னேன். நத்தையைச் சொல்லவில்லை. "அதுக்கப்புறம்?" என்று கேட்டார்.

"அதுக்கப்புறம் என்ன? அவ்வளவுதான்."

"அச்சா" என்று துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். இந்த மனிதரிடம் எதையும் முழுசாகச் சொல்லி ஒரு திருப்தி கிடையாது.

பிப்ரவரி 8

நாளைக்குக் கண்காட்சி. ரசீதை மடித்துப் பர்ஸில் வைத்தாயிற்று. பேச வேண்டியதைக் கண்ணாடி முன்னால் மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது தடவை குரல் நடுங்கவில்லை.

என் செடியில் அளவெடுத்த மாதிரி இரண்டு காய் தேறியது. மூன்றாவது ஒரு சுற்றுச் சிறுசு. அதையே வைக்கப் போகிறேன். இந்தத் தடவை வாங்கலாம் என்றாலும் ரங்கத்தில் கிடைக்காது.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஜினியாவில் எனக்கு முதல் பரிசு. ஒரு பிளாஸ்க்.

கத்தரியில் அலமுவுக்கு. மூன்று காய், ஒரே அச்சில் வார்த்த மாதிரி. போர்ட் பிளேயரிலிருந்து வந்திருந்த நடுவர் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் எழுந்து நின்றுவிட்டேன். ரசீது கையில்.

நடுவர் ஃபாரத்தை மைக்கில் வாசித்தார். "நாற்று எங்கிருந்து: பக்கத்து வீடு, சுகிர்தா."

மைக்கை அலமு வாங்கிக்கொண்டாள். "என் நாத்தெல்லாம் அழிஞ்சு போச்சு. சுகிர்தா தன்னோட நல்ல நாத்தை எடுத்துக் குடுத்தா. பதக்கம் வாங்கின ரகம், அவதான் தேடிப் பிடிச்சா. கை தட்டணும்னா அவளுக்குத் தட்டுங்க."

தட்டினார்கள். சொர்ணம்மாகூட. நான் நின்றுகொண்டிருந்ததால், கைதட்டலுக்காக எழுந்தேன் என்று நினைத்திருப்பார்கள். உட்காரவும் முடியவில்லை. ஒரு வருஷமாக ஊர் என்னைப் பார்த்து இப்படித் தட்ட வேண்டும் என்றுதானே ஏங்கினேன், ஏன் அழுகை வந்தது? அந்தத் திமிர்பிடித்தவ எனக்குப் பேசவே இடம் வைக்கலையே!

திரும்பும்போது அவளும் கூடவே நடந்து வந்தாள். பாதி வழியில் சாவதானமாக, ரேஷன் சமாச்சாரம் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"நத்தைக்கு உப்புப் போட்டுட்டுக் கொட்டியிருக்கலாம்ல சுகிர்தா. வெண்டையாவது பிழைச்சிருக்கும்."

பிளாஸ்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"ஜன்னல்ல நின்னுட்டிருந்தேன். ரெண்டு வாளி."

"அப்ப... அப்ப ஏன் சொல்லல? போன வருஷம் மட்டும் ஊரைக் கூட்டிச் சொன்னீங்களே!"

"சொல்லி என்ன கண்டேன்? ஒரு தக்காளிக்காக உன்னை இழந்ததுதான் மிச்சம். பேச ஆள் இல்லாம ஒரு வருஷம் செவுத்தோட பேசிட்டிருக்கேன்." கொஞ்சம் நின்று, "உன் காதுல சொல்லியிருக்கணும். அன்னிக்கு ராத்திரியே தோணுச்சு. வரத்தான் வெக்கமா இருந்துச்சு" என்றாள்.

கண்ணாடி முன்னால் பழகியது எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. அவள் வீட்டு வாசல்வரை சேர்ந்து நடந்தோம்.

பிப்ரவரி 13

சுரேந்தர் போர்ட் பிளேயரிலிருந்து போன் செய்தார். அடுத்த சீசனுக்குச் சிவப்பு வெண்டை விதை சொன்னாயே, ஒரு பாக்கெட்தானே என்று கேட்டார்.

இரண்டு என்றேன். அலமுக்காவுக்கு ஒன்று.