தீபாவளிக்கு மூன்று நாள்

இன்று காலையும் வாசனை இல்லை. நீ இருந்திருந்தால் உடனே புரிந்துகொண்டிருப்பாய். தீபாவளிக்காகத் தேயிலை ஆலையை, நம் ஸ்டோரை, மூடியிருக்கிறார்கள். தேயிலை காயவில்லை, சல்லடைகள் ஆடவில்லை. மூன்று நாளாகத் தோட்டத்தில் வெறும் மழை வாசனைதான். பெட்டியைத் திறந்து உன் துணியை எடுத்தேன். உள்ளங்கை அகலத் துணி, நான்கு மூலையிலும் நாடா. துவைக்காமல் வைத்திருக்கிறேன். முகத்தருகே கொண்டுபோனால் இன்னும் தேயிலைத் தூள் மணக்கிறது.

கொழும்பிலிருந்து யாராவது பார்க்க வருகிற நாளில் ஸ்டோரை நடத்துகிற டீமேக்கர் ஐயா தேயிலை சலிக்கிற பெண்களுக்கெல்லாம் இப்படி ஆளுக்கொரு துணி கொடுப்பார். மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொண்டு நிற்பீர்கள். வந்தவர்களின் கார் வளைவைத் தாண்டியதும் எல்லாவற்றையும் திரும்ப வாங்கிவிடுவார். “காரு நிக்கிற வரைக்கும்தான் புள்ள எங்களுக்குச் சொகாதாரம்” என்று நீ சிரித்தாய். ஒருமுறை ஒன்றை இடுப்பில் செருகிக் கொண்டுவந்துவிட்டாய். ஆனால் அதைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போக முடியவில்லை. கட்டினால் எடுத்தது தெரிந்துவிடும். சேலைத் தலைப்பால் மூடினால் டீமேக்கர், “என்னடி, கல்யாணப் பொண்ணா?” என்று எல்லார் முன்னாலும் கேட்பார்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை நாம் ஒரே பலகையில் இருந்தோம். உன் அம்மா இறந்ததும் தங்கச்சியை வளர்க்க நீ ஸ்டோருக்குப் போனாய். நான் அட்டனுக்குப் படிக்கப் போனேன், பிறகு பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு. ஒவ்வொரு விடுமுறைக்கும் உன் இருமல் வளர்ந்திருந்தது. வேலை விட்டு வரும்போது உன் கண்ணிமையில், புருவத்தில், பழுப்பு நிறப் பஞ்சு போலத் தூசி ஒட்டியிருக்கும்.

அந்த இருமலுக்குக் காரணம் கண்டுபிடித்தது எந்த டாக்டரும் அல்ல, நீதான்.

“தீவாளிக்கு மூணு நாளு ஸ்டோரு மூடுனாங்கல்ல, நான் ஒரு தடவகூட இருமல புள்ள. நாலாம் நாளு உள்ள போனேன், கொஞ்ச நேரத்துல புடிச்சிக்கிச்சி. எனக்கு வியாதி இல்ல. ஸ்டோருக்குத்தான் வியாதி.”

உனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மலையில் கொழுந்து பறிக்க மாற்றிவிட வேண்டும். “அட்ட கடிக்கட்டும், மழ அடிக்கட்டும். காத்து இருக்குல்ல அங்க” என்றாய். டாக்டர் எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்று டீமேக்கர் சொல்லியிருந்தார்.

கொழும்பிலிருந்து அந்தச் சிங்களப் பெண் டாக்டர் வந்தபோது நான் பரீட்சை முடித்து லயத்து வீட்டில்தான் இருந்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்கத் தோட்டத்தை நிர்வகிக்கிற துரை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஆசிரியை வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் தருவதாக அந்த வாரம்தான் சொல்லியிருந்தார். டிஸ்பென்சரி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

டாக்டர் உன் முதுகில் குழாய் வைத்துப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டார்: “வேலை இல்லாத நாட்களிலும் இருமுகிறாளா?”

நான் தமிழில் சொன்னதும் உன் முகம் மலர்ந்தது. அந்தக் கேள்விக்காகத்தான் நீ காத்திருந்தாய். “இல்லீங்கம்மா! தீவாளிக்கு மூணு நாளு இருமலே வரல. சொல்லு புள்ள, நல்லா சொல்லு, மூணு நாளுன்னு சொல்லு.”

துரை உன்னைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

எல்லா நாளும் இருமுகிறாளாம் என்று டாக்டரிடம் சொன்னேன்.

அவர் எழுதிக்கொண்டார். எல்லா நாளும் இருமினால் காசநோயாக இருக்கலாம், ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். வெளியே வந்து படி இறங்கும்போது நீ சாதாரணமாகக் கேட்டாய்.

“தீவாளிக்கு இங்கிலீசுல என்ன புள்ள?”

“தீபாவளிதான்” என்றேன், யோசிக்காமல்.

“அப்ப நீ சொன்னதுல அது வரலயே.”

நான் நின்றுவிட்டேன். “வா, மழ வருது” என்று நீ முன்னால் நடந்தாய்.

காச வார்டில் மூன்று மாதம் இருந்தாய். லயத்தில் உன் தட்டை எறிந்துவிட்டுப் பாயை எரித்தார்கள். உன் தங்கச்சியைத் தண்ணீர்க் குழாயருகே விடவில்லை. காசம் இல்லை என்று எழுதி அனுப்பியபோது டீமேக்கர், “அதான் ஒன்னுமில்லன்னு எழுதிட்டாங்கல்ல, போயி சல்லடையப் புடி” என்றார். உன்னை அதே இடத்தில் நிறுத்தினார்கள். அதற்குள் எனக்கு வேலை கிடைத்திருந்தது, குடியிருக்கக் குவாட்டர்சும் கிடைத்திருந்தது.

ஒரு நாள் நீ வந்து இந்தத் துணியை என் மேசையில் வைத்தாய். “வச்சிக்க புள்ள. பெரிய பெரிய ஆளுங்க முன்னாடி நிக்கிறவ நீ. வாயக் கட்டிக்கத் தேவப்படும்.” அதைச் சொல்லி முடிக்க உனக்கு மூன்று தடவை மூச்சு வாங்கியது. நான் தேநீர் போட்டேன். நீ குடிக்காமல் போனாய்.

அடுத்த மழையில் போய்விட்டாய். நெஞ்சுச் சளி என்று எழுதினார்கள். சவம் தூக்கியவர்கள், கனமே இல்லை என்று பேசிக்கொண்டார்கள். உனக்காக ஸ்டோர் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை.

இப்போது உன் சல்லடையில் உன் தங்கச்சி நிற்கிறாள். நேற்றுப் பலகாரம் கொண்டுவந்தாள். உன்னைப் போலவேதான் சிரிக்கிறாள்.

“டீச்சரக்கா, ரெண்டு நாளா எனக்கு இருமலே இல்ல. அக்கா சொல்லும்ல, அதே மாதிரி.”

கடித்த முறுக்கைத் தட்டில் திரும்ப வைத்தேன். அடுத்த வாரம் அந்த டாக்டர் மறுபடி வருகிறார். மூக்கில் கட்டுகிற துணிகளைத் துவைத்துத் தேய்த்து வைத்திருக்கிறார்களாம். டீச்சரே மொழிபெயர்க்கட்டும் என்று துரை ஆள் விட்டிருக்கிறார். அவர் அதே வாசலில்தான் நிற்பார். அந்தக் கேள்வியையும் டாக்டர் கேட்பார்.

சொல்லிவிடுவேன் என்று உனக்கு எழுத மாட்டேன். என் பேச்சை நம்பி என்ன கிடைக்கும் என்று உனக்குத் தெரியும். இன்று காலையிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு, உன் துணியைக் கையில் வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்க்கிறேன். மற்ற சொற்களெல்லாம் வந்துவிடுகின்றன. இரண்டு மொழியிலும் ஒன்றாகவே இருக்கிற அந்தச் சொல்லில்தான் குரல் நின்றுவிடுகிறது. மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறேன்.

நாளைக் காலை ஸ்டோர் திறக்கும்.