விட்டுவந்த மீன்

நவம்பர் 9, ஞாயிறு

குடியை விட்டு ஏழு மாதம் ஆகிறது. மூன்று வாரம் மைதானத்தில் தூண்டில் வீசிப் பழக்கிய பிறகு, மறுவாழ்வு மையத்துக்காரர்கள் இன்றுதான் எங்களை ஓடைக்குக் கூட்டிப்போனார்கள். புழு கிடையாது. முள்ளில் சேவல் இறகைக் கட்டி, ஈ உட்கார்வது மாதிரி தண்ணீரில் போட வேண்டும். கை நடுங்கினால் நூல் சிக்கிக்கொள்ளும். இன்று சிக்கவில்லை.

எனக்கு ஒரு ட்ரவுட் மீன் அகப்பட்டது. ஒரு சாண் இருக்கும். பிடித்ததைத் திரும்ப விட வேண்டும் என்பது அங்கே சட்டம். விட்டேன்.

என் மனைவி செல்வியிடம் சொல்லும் ஆசையில் வேகமாக நடந்தேன். தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் வீட்டு வாசலில்தான் உறைத்தது. குடித்த காலத்திலும் மீன் பிடிக்கப் போவதாகச் சொல்லித்தான் கிளம்புவேன். வெறுங்கையோடுதான் திரும்புவேன்.

"மீன் எங்க?" என்றாள்.

"பிடிச்சேன். விட்டுட்டேன்."

"பிடிச்ச மீனை யாராச்சும் விடுவாங்களா?"

அவள் குரல் உயரவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. வழக்கம்போல வாயை மோந்து பார்க்கட்டும் என்று குனிந்தேன். அவள் என் கையை இழுத்து மோந்தாள். மீன் கவிச்சி. மறு கையையும் மோந்தாள். கொஞ்ச நேரம் விடாமல் பிடித்திருந்தாள்.

"எம்புட்டுப் பெருசு?"

முழங்கை வரை தொட்டுக் காட்டினேன். சிரித்துவிட்டாள்.

ஆண்டவரே, உமக்கு ஸ்தோத்திரம். இந்த ஏழு மாதத்தில் நான் அவளிடம் சொன்ன ஒரே பொய் அதுதான்.