பலகை வந்தால்தான் பணம்

அன்புள்ள அப்பாவுக்கு, பிசெரா வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்த மாரிபோர் ஊரில் குளிர்தான் கொஞ்சம் அதிகம்.

என் ஞானத்தந்தை பிளாகோயா உங்களிடம் முறையிட வருவார். எங்கள் மேசை நாற்காலி கம்பெனிக்கு அவர்தான் பலகை அனுப்புகிறார். ஆர்டர், சரக்கு வந்த பதிவு, பில் மூன்றும் கணினியில் ஒத்துப்போனால்தான் இங்கே பணம் வெளியே போகும். அவருடைய பில் வந்துவிட்டது, பலகை வரவில்லை. சரக்கு வந்ததாகப் பதியச் சொல்லி போன் செய்தார்.

"ஞானஸ்நானத்துல உன்னைக் கையில ஏந்தினவன்டீ நான்! இந்த வேலையும் நான் வாங்கிக் குடுத்தது. ஒரு பட்டனைத் தட்ட மாட்டியா?"

"பலகை இறங்கட்டும் மாமா, அடுத்த நிமிஷம் தட்டுறேன்" என்றேன். போனை வைத்துவிட்டார்.

இப்படித் தெரிந்தவருக்காகத் தட்டி வேலையை இழந்த ஒரு பெண்ணின் நாற்காலியில்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன், அப்பா. நீங்கள் பயப்பட வேண்டாம், நான் தட்டமாட்டேன்.

அவர் வந்தால் ராக்கியா சாராயம் ஊற்றிக் கொடுங்கள், வாக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அவர் லாரி கிளம்பும்போது அம்மா செய்த சுட்ட குடமிளகாய் விழுதில் இரண்டு பாட்டில் பலகைமேல் வைத்து அனுப்புங்கள். தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். லாரி வந்ததும் முதலில் பாட்டிலை எடுப்பேன். பிறகு பலகையை ஒன்று விடாமல் எண்ணித்தான் தட்டுவேன்.

இடைவேளை முடிந்து மணி அடித்துவிட்டது.

உங்கள் மகள்,
பிசெரா