எண்பத்தேழாம் பக்கம்

இன்று காலை ரயில் மயிலத்தைத் தாண்டியபோது எதிரில் இருந்த பெண் ஒரு டப்பாவைத் திறந்தாள். அவித்த வேர்க்கடலை, நம் ஊர் மல்லாட்டை வாசனை. எழுந்துபோய்க் கதவருகே நின்றுகொண்டேன். நீ போனதிலிருந்து நான் மல்லாட்டை தின்பதில்லை. காரணத்தை யாரிடமும் சொன்னதும் இல்லை. சொல்வதானால் உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

திண்டிவனத்தில் ஏறி விழுப்புரத்தில் இறங்குகிற மூன்று பேர் நாம். நீ ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள், நான் டைப்பிங் சென்டரில், ஜெயந்தி ஒரு பள்ளிக்கூட ஆபீசில். வண்டி நகர்ந்ததுமே ஜெயந்தி ஆரம்பித்துவிடுவாள். "ம், சொல்லுங்கடி. இன்னா புக்கு, எத்தினியாவது பக்கம்?"

பக்கத்தைச் சொல்லிவிட்டு, அதுவரை படித்த கதையையும் சொல்ல வேண்டும். மூன்று நாள் ஒரே பக்கத்தில் நிற்கிறவள் நாலாம் நாள் எல்லோருக்கும் மல்லாட்டை அவித்துக்கொண்டு வரவேண்டும். அந்தச் சட்டத்தைப் போட்டவளே நீதான். "எங்க வூட்ல மூட்டை மூட்டையா கெடக்குது, நான் தோத்தா எனக்கு இன்னா?" என்றாய். ஆனால் நீ தோற்றதே இல்லை. கிளியனூரிலிருந்து வருகிற பஸ்ஸில் நின்றுகொண்டே படிப்பாய். அடுப்படியில் கேப்பைக் களி கிண்டிக்கொண்டே படிப்பாய். நான் கொடுத்த புத்தகமெல்லாம் மாவு ஒட்டித்தான் திரும்பி வரும். திட்டுவேன், அடுத்த புத்தகத்தையும் கொடுப்பேன்.

அந்தப் பழுப்பு அட்டை நாவலை நான் படிக்காமலே உனக்குக் கொடுத்தேன். அதில் எண்பத்தேழாம் பக்கத்தில் நின்றாய். நாலாம் நாள் மல்லாட்டை வந்தது. இன்னும் மூன்று நாள் போயிற்று, அதே பக்கம், மறுபடியும் மல்லாட்டை. மூன்றாவது முறையும் வந்தபோது எங்களுக்கு ஒரே கொண்டாட்டம். உன் நிலத்து மல்லாட்டை அவ்வளவு ருசி, நீ தோற்றுக்கொண்டே இருக்கவேண்டும் என்று நாங்கள் வேண்டிக்கொண்டோம்.

"பக்கம் திருப்ப ஆளு வெச்சிக்கிறியாடி? இல்ல, உன் புருசன் புக்கு மேலயே படுத்துக்கினு இருக்காரா?"

நான்தான் கேட்டேன். பெட்டியே சிரித்தது. நீயும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாய். கண்ணடிக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் நீ சொன்ன பக்கம் தொண்ணூற்றைந்து. அதற்கடுத்த நாள் நூற்றுநாலு. கேலி செய்தால்தான் இவள் வழிக்கு வருவாள் என்று எனக்குப் பெருமை வேறு. கதையும் நன்றாக இருந்தது. மரக்காணம் மாதிரி ஒரு கடலோர ஊர், அங்கே கூடையில் மீன் விற்கிற ஒருத்தி. காலையில் எழுந்தால் அவளுக்குத் தலை வெடிக்கிறது. ஒரு படகு இரண்டு படகாகத் தெரிகிறது. யாரிடமும் வாய் திறக்காமல் கூடையைத் தூக்கிக்கொண்டு போகிறாள். நீ சொல்லும்போது பக்கத்து சீட்டுக்காரர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

ஒருநாள் தோற்காமலே மல்லாட்டை கொண்டுவந்தாய். அப்போதுதான் பிடுங்கியது, பால் பிடித்து இனித்தது. நான் உரித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டாய்.

"நீயா இருந்தா இன்னா பண்ணுவ?"

"யாரு, அந்த மீன்காரியா இருந்தாவா? வாயத் தொறந்து சொல்லித் தொலைவேன். இப்பிடி ஊமையா இருக்கற பொம்பளைங்களக் கண்டாலே எனக்குப் பேஜாரா இருக்குது. லூசு!"

நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். "இந்த அறுவடை நேரத்துல போய்ச் சொன்னா வூட்ல பயந்துடுவாங்கன்னு நெனைக்கிறா" என்றாய்.

மீன்காரிக்கு ஏதடி அறுவடை? ஐயோ, அந்த ஒரு வார்த்தையை நான் பிடித்திருக்கக் கூடாதா? நான் அடுத்த மல்லாட்டையை உடைத்தேன்.

பத்து நாள் கழித்து விழுப்புரம் பிளாட்பாரத்தில் இறங்கும்போது படி தெரியாமல் விழுந்தாய். "பாத்து எறங்குடி, ஜல்தியா எங்க போற?" என்று அப்போதும் நான் சிரித்தேன். நீ எழுந்திருக்கவில்லை. மூளையில் கட்டி என்றார் டாக்டர். "இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா ஏதாவது பாத்திருக்கலாம்" என்று அவர் சொன்னபோது நானும் ஜெயந்தியும் உன் வீட்டுக்காரருக்குப் பின்னால் நின்றிருந்தோம். அதற்கப்புறம் நீ நாற்பது நாள்கூட இருக்கவில்லை.

காரியம் முடிந்த பிறகு உன் வீட்டுக்காரர் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். "உங்க புக்காம்ங்க. மறக்காம குடுத்துடச் சொன்னா" என்றார். அந்த மனுஷன் முகத்தைப் பார்க்க எனக்குத் திராணி இல்லை. கிளியனூர் பஸ் டிக்கெட் ஒன்று எண்பத்தேழாம் பக்கத்தில் செருகியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். கடல் இல்லை, படகு இல்லை. மீன் விற்கிறவள் யாருமே இல்லை. ஒரு கிணற்றுக்காக அடித்துக்கொள்கிற அண்ணன் தம்பி கதை அது.

உன் மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். நேராகச் சொன்னால் வாய் வெந்துவிடுமா? ஆனால் எப்படிச் சொல்வாய்? எழுத்து இரண்டிரண்டாகத் தெரிந்த அன்றைக்கு நான் கைகொட்டிச் சிரித்தேனே.

இப்போது எங்களோடு புதிதாக ஒருத்தி வருகிறாள். மல்லாட்டைச் சட்டத்தை நான் எடுத்துவிட்டேன். போன வாரம் அவள் இரண்டு நாள் ஒரே பக்கத்தைச் சொன்னாள். "கண்ணு நல்லாத் தெரியுதாம்மா? தலை கிலை வலிக்குதா?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பெண் மிரண்டுபோய் ஜெயந்தியைப் பார்த்தாள்.

இன்று நான் கதவருகே நின்றதைப் பார்த்து ஜெயந்தி எழுந்து வந்தாள். மல்லாட்டை வாசனையில் அவளுக்கும் உன் நினைவு வந்திருக்க வேண்டும். "அந்த மீன்காரி கதைய அவ பாதியிலயே உட்டுட்டுப் போயிட்டா. புக்கு உங்கிட்டதானே இருக்குது? கடைசில இன்னாதான்டி ஆச்சி?" என்றாள்.

"சொல்லிட்டா. தெனமும் கூட வர்ற சிநேகிதிகிட்ட சொல்லிட்டா" என்றேன்.

"அப்பாடா!" என்றாள் ஜெயந்தி. "அதுக்கு அவ இன்னா பண்ணா?"

விக்கிரவாண்டி வந்தது, போனது. அந்தப் பதிலை உன்னிடம்தான் சொல்ல முடியும். அந்தச் சிநேகிதி மல்லாட்டை தின்றுகொண்டிருந்தாள், அடியே. உரித்து உரித்துத் தின்றுகொண்டிருந்தாள்.