இரண்டாவது ரத்தம்

ஜூலை 3, 1991, புதன்

இன்றும் ஒன்று. அம்சவல்லியின் கறுப்பு வெள்ளாடு மாதம் நிறையாமலே குட்டி வீசிவிட்டது. செத்த குட்டியைச் சாக்கில் சுற்றிக் கால்நடை மருந்தக வாசலில் வைத்துவிட்டு, அதை நானே செய்தவள் போல என்னைப் பார்த்தாள். அவளுடைய பட்டிக்குப் போய்த் தாயாட்டின் கண் இமையைப் புரட்டினேன். மஞ்சள். மூத்திரம் டிகாக்‌ஷன் நிறம். ஒரு மாதமாக அவள் மந்தையில் இதேதான் நடக்கிறது.

சேரப்பணஞ்சேரிக்குக் கால்நடை டாக்டராக மாற்றலாகி வந்து வருடம் ஒன்று ஆகிவிட்டது. இங்கே எல்லாரும் என்னோடு பேசுகிறார்கள். மாட்டுக்கு என்ன, ஆட்டுக்கு என்ன என்று. எனக்கு என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் என்ன சொல்வேன் என்பது வேறு விஷயம்.

ஜூலை 5, வெள்ளி

மேலதிகாரியைப் பார்த்தேன். லெப்டோஸ்பைரோசிஸாக இருக்குமோ என்று சந்தேகம் என்றேன். ஜனங்கள் எலிக்காய்ச்சல் என்பார்களே, அதுதான். சிரித்துவிட்டார்.

“அது சேத்துலயும் நெல்வயல்லயும் வர்ற வியாதிம்மா. உங்க ஊர்ல ஆடு குடிக்கவே தண்ணி இல்ல.”

கன்று வீச்சு நோய்க்கான பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று ஏற்கெனவே வந்துவிட்டதை நினைவுபடுத்தினேன். அப்படியானால் தீவனம் போதவில்லை, தாது உப்பு கொடு என்றார். படித்த புத்தகம் அவருக்கும் எனக்கும் ஒன்றுதான். அதில் அப்படித்தான் போட்டிருக்கிறது. பஸ்ஸில் வரும்போதுதான் கோபம் வந்தது. எனக்கு எப்போதும் பஸ்ஸில்தான் வரும்.

ஜூலை 7, ஞாயிறு

வழக்கம்போல் ஸ்ரீபெரும்புதூர். வாசலில் செருப்பை விடும்போதே அப்பாவின் குரல். “தீர்த்தமாடிட்டு உள்ள வா.” கிணற்றடியில் குளித்து, மடித்து வைத்திருக்கும் அம்மாவின் பழைய புடவையைக் கட்டிக்கொண்டுதான் சமையலறை. ஆட்டு வாடை தனக்குத் தலைவலி கொடுக்கிறது என்பார். அம்மா இருந்தவரை அவள் நடுவில் நின்று பேசுவாள். இப்போது நானும் அவரும் சாதத்தைப் பார்த்துச் சாப்பிடுகிறோம். கோவிலில் பிரபந்தம் சேவிக்கிறவருக்கு வீட்டில் வார்த்தை மிஞ்சுவதில்லை போலிருக்கிறது.

கிளம்பும்போது வழக்கமான ஒரு பொட்டலம், கோவில் புளியோதரை. திங்கள் மத்தியானம் மருந்தகத்தில் தனியாக உட்கார்ந்து பிரித்துச் சாப்பிடுவது வாராவாரம் நடக்கிற சடங்கு.

ஜூலை 9, செவ்வாய்

எனக்கு மண்டையில் இவ்வளவு நாள் என்ன இருந்தது?

வெயிலில் அம்சவல்லி மந்தையின் பின்னால் நடந்து போனேன். ஏரி காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. காட்டோரத்துக் குட்டையில் மட்டும் பச்சையாக முழங்கால் அளவு தண்ணீர். ஊர் ஆடு முழுக்க அதில்தான். வயிறு வரை இறங்கி நின்று குடிக்கின்றன, நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்கின்றன, அடுத்தது வந்து அதையே குடிக்கிறது. நாய், பெருச்சாளி, எல்லாவற்றுக்கும் அதுதான்.

தண்ணீர் இல்லாத ஊர் என்பதால் நோய் வராது என்கிறார்கள். தண்ணீர் இல்லாததால்தானே எல்லாம் ஒரே குட்டையில் வாய் வைக்கின்றன? ஈர நாட்டில் வயலெல்லாம் பரவிக் கிடக்கும் கிருமி, இங்கே ஒரு கிண்ணத்தில் நிற்கிறது.

இதைச் சொல்ல ஆள் இல்லை. அம்சவல்லியிடம் சொன்னேன். “கொளத்த கொற சொல்லாதம்மா, அதுவும் இல்லன்னா எங்க போறது?” என்று ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். குட்டையில் முகம் கழுவிக்கொண்டுதான் போனாள்.

ஜூலை 13, சனி

ரத்தம் எடுத்தாயிற்று. அம்சவல்லியைச் சம்மதிக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ரத்தம் எடுத்தால் ஆடு இளைத்துவிடுமாம். அம்மனுக்கு நேர்ந்துவிட்ட கிடாக்கள் பக்கமே போகக்கூடாதாம். ஊசி குத்தி ரத்தம் பார்த்த ஆடு முழு ஆடு இல்லை, ஆத்தா ஏற்க மாட்டாள் என்கிறாள். சினை ஆடுகளையும் தரமாட்டாள். கடைசியில் குட்டி வீசியவற்றை மட்டும் பிடித்துக் கொடுத்தாள். எனக்கு வேண்டியதும் அவைதான். சந்தோஷமாகவே எடுத்தேன். மருந்தக உதவியாளர் நாகப்பன் ஒவ்வொன்றின் காதிலும் அடையாளத்துக்கு நீல மை தடவினார்.

ஜூலை 15, திங்கள்

சீரத்தை வடித்து, பனிக்கட்டி போட்ட பிளாஸ்கில் வைத்து நேற்று ஸ்ரீபெரும்புதூர் கொண்டுபோனேன். அப்பா பிளாஸ்கை வீட்டுக்குள் விடவில்லை. ராத்திரி முழுக்கக் கிணற்றடியில் ஈரச்சாக்குப் போர்த்திக்கொண்டு கிடந்தது.

இன்று காலை மெட்ராஸ் பஸ். மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த அந்தக் கோரம் நடந்ததிலிருந்து எங்கள் பக்கத்து பஸ்களை நிறுத்திப் பார்க்கிறார்கள். தண்டலத்தில் ஒரு போலீஸ்காரர் ஏறினார். தனியாக ஒரு பொம்பளை, மடியில் பிளாஸ்க். உள்ளே கண்ணாடிக் குழாய்கள். இன்னாம்மா இது என்றார். “ஆட்டு ரத்தத்துல வடிச்ச தண்ணி” என்று உண்மையைச் சொன்னேன். பக்கத்து சீட்டுக்காரி எழுந்து போய் நின்றுகொண்டாள்.

அவர் தப்பாக ஒன்றும் பேசவில்லை. நான்தான் அவசரமாகக் குழாய்களைத் திரும்ப அடுக்கினேன். ஒரு குழாய் விழுந்து உடைந்தது. கண்ணாடியைப் பொறுக்கும்போது ஆள்காட்டி விரலில் நல்ல வெட்டு. மீதியை ஆய்வுக்கூடத்தில் நரசிம்மனிடம் சேர்த்துவிட்டேன். கல்லூரியில் எனக்கு ஒரு வருடம் மூத்தவர். அதிகம் பேசாதவர், ஆனால் வேலை சுத்தம்.

ஜூலை 18, வியாழன்

இன்னொரு ஆடு. செத்த குட்டி குறுக்கே மாட்டிக்கொண்டு வெளியே வரவில்லை. கையுறை தீர்ந்து மாதமாகிறது. கையை விட்டு எடுத்தேன். தாய் பிழைத்தது. விரல் கட்டு ஊறிப் போயிற்று. டெட்டால் போட்டுக் கழுவினேன். போதும் என்று நினைக்கிறேன்.

ஜூலை 24, புதன்

தபாலாபீஸ் போனில் நரசிம்மன். ஆடுகளின் சீரத்தை நூறு மடங்கு நீர்க்கச் செய்த பிறகும் அது லெப்டோ கிருமியைக் கட்டிப் பிடிக்கிறதாம். இருக்கிறது! ஆனால் அது எப்போதோ வந்துபோன நோயின் மிச்சமாகவும் இருக்கலாம். இப்போதைய நோய்தான் என்று சொல்ல, அதே ஆடுகளிடம் சில வாரம் கழித்து இரண்டாவது ரத்தம் வேண்டும். அதில் அளவு ஏறியிருந்தால் ஒருவரும் மறுக்க முடியாது. “அதே ஆடு, வரலக்ஷ்மி. வேற ஆடு உதவாது.”

நிரூபித்துவிட்டால் மருந்து வரும், குட்டையை அடைக்கலாம், தொட்டி கட்டச் சொல்லலாம். இல்லையென்றால் அம்சவல்லியின் மந்தை முடிந்தது. அதற்கடுத்து மனுஷர்கள். அந்தத் தண்ணீரில்தானே எல்லாரும் கை கால் கழுவுகிறார்கள்.

ஜூலை 29, திங்கள்

பட்டியில் நீலக்காது ஒன்றுகூட இல்லை.

எங்கே என்றேன். வித்தாச்சு என்றாள். ஆடி மாதம், கறிக்கு ஆள் தேடி வருகிறார்கள், குட்டி தங்காத ஆட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது. எல்லாம் வெட்டித் தின்றாகிவிட்டது. நான் கத்தினேன். ஊர் நடுவில் நின்று கத்தினேன். ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கக் கூடாதா என்று.

அவள் கோபப்படவில்லை. எனக்குப் புத்தி கலங்கிவிட்டதோ என்பது போலப் பார்த்தாள்.

“எப்டியும் விக்கப் போறதுன்னுதானே டாக்டரம்மா ஒனக்கு ரத்தம் எடுக்க வுட்டேன். வச்சிக்கப் போறத குத்த வுடுவனா?”

நியாயம்தான். அவள் பக்கத்தில் முழு நியாயம். நான்தான் அவள் ஏன் அந்த ஆடுகளை அவ்வளவு தாராளமாகக் கொடுத்தாள் என்று யோசிக்கவில்லை. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இனி அவள் ஒரு ஆட்டையும் தொட விடமாட்டாள். கண் எரிகிறது. அழுததால் இருக்கும்.

ஜூலை 30

காய்ச்சல். தலை பிளக்கிறது.

ஜூலை 31, புதன்

கண் ரத்தச் சிவப்பு. கெண்டைக்காலைத் தொட்டால் உயிர் போகிறது. மூத்திரம் — அதே டிகாக்‌ஷன்.

ஒரு வருடமாக மற்றவர்களின் இமையைப் புரட்டியவள், கண்ணாடி முன் நின்று என் இமையைப் புரட்டினேன். வேடிக்கைதான். விரல், கையுறை, அந்தக் குட்டி. கணக்குச் சரியாக வருகிறது.

முதலில் பயம். அப்புறம், சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு சந்தோஷம். இந்த மந்தையில் ஆடிக்கு விற்க முடியாத ஆடு ஒன்று மிச்சம் இருக்கிறது.

மருந்து எதுவும் எடுக்கும் முன் ரத்தம் வேண்டும். நாகப்பனைக் கூப்பிட்டு அனுப்பினேன். கை கூப்பாத குறையாக மறுத்தார், அப்புறம் எடுத்தார். பழக்கதோஷத்தில் “ஆடாத, ஆடாத” என்று என் தோளை முட்டியால் அழுத்தினார். இருவருக்குமே சிரிப்பு வரவில்லை. பிறகு அவரே படப்பை டாக்டரிடம் கூட்டிப்போனார். நான் சொன்னதைக் கேட்டு டாக்டர் பென்சிலின் போட்டார். அட்மிட் ஆகிறீர்களா, கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். ஊசிக்குத் தினமும் வருகிறேன் என்று அறைக்கு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 2

காலையில் நாகப்பன் ஊசிக்குக் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விட்டதோடு சரி, அதற்கப்புறம் தண்ணீர் குடிக்க எழுந்து பானை வரை போக முடியவில்லை. அப்பாவுக்குச் சொல்லி அனுப்பலாம். என்ன சொல்வது? ஆட்டிடமிருந்து வந்ததென்றா?

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஸ்ரீபெரும்புதூர் போகவில்லை. ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை. அப்பா வாசலைப் பார்த்திருப்பாரா? இல்லை, வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டு பொட்டலத்தை யாருக்காவது கொடுத்திருப்பார். நாகப்பனுக்கும் இன்று லீவு; செத்துக் கிடந்தாலும் முதலில் தெரிந்துகொள்வது வாசலில் வந்து நிற்கிற ஏதாவது ஒரு மாடாகத்தான் இருக்கும். அம்மா, நீ இருந்திருக்கலாம். நீ இருந்திருந்தால் நான் இப்படி எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

மத்தியானம் கதவு தட்டும் சத்தம். அம்சவல்லி. நாலு நாளாக ஆஸ்பத்திரியில் என்னைக் காணோமே என்று வந்தாளாம். கையில் சொம்பு. ஆடி ஞாயிறு, அம்மன் கோவிலில் கூழ் ஊற்றிய நாள். என்னைப் பார்த்ததும் உள்ளே வந்து விளக்குமாற்றைத் தேடினாள். கூட்டினாள், பானையை நிரப்பினாள், கூழைக் கரைத்து வெங்காயத்தோடு என் வாயருகே கொண்டுவந்தாள். எங்கள் வீட்டில் வெங்காயம் வாசல்படி தாண்டாது. குடித்தேன். கடித்தேன். முழுச் சொம்பும்.

கெண்டைக்கால் வலிக்கிறது என்றேன். அவள் காலைப் பிடித்துவிட ஆரம்பித்தாள்.

“போன வருசம் கோடைல எனக்கும் இப்டித்தான் இஸ்த்துக்கினு வலி, காய்ச்சல். ஆட்டுக்குப் பின்னால நடந்த வலின்னு நெனச்சேன்.”

அது ஆடுகளின் நோய், குட்டைத் தண்ணீரில் இருக்கிறது, இப்போது என் உடம்பில் இருக்கிறது என்றேன். என் காலைப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தவள் கையை எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 7

காய்ச்சல் இறங்கிவிட்டது. தினமும் வருகிறாள். குட்டையில் முகம் கழுவுவதை நிறுத்திவிட்டாளாம்.

ஆகஸ்ட் 19, திங்கள்

என் இரண்டாவது ரத்தம். நாகப்பன் இந்த முறை முட்டியை வைக்கவில்லை. அம்சவல்லி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். முடிந்ததும் தன் கையை நீட்டினாள். நான் கேட்கவே இல்லை. அவளுடையதையும், எடுத்து வைத்திருந்த என் முதல் சீரத்தையும் சேர்த்து, யாருடையது என்று எழுதாமல் மெட்ராஸுக்கு நானே கொண்டுபோனேன். நடை இன்னும் தள்ளாடுகிறது. ஞாயிறுகளில் வர முடியவில்லை, காய்ச்சல் சீசன், வேலை என்று அப்பாவுக்கு கார்டு போட்டிருக்கிறேன். மாட்டுக்குக் காய்ச்சல் என்று நினைத்துக்கொள்ளட்டும்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

நரசிம்மன் போனில். வழக்கத்தைவிட வேகமாகப் பேசினார். பழைய ஆடுகள் எந்த வகைக் கிருமியைக் காட்டினவோ அதே வகை. முதல் ரத்தம் நூறு மடங்கு நீர்க்கும் வரைதான் கிருமியைப் பிடித்ததாம். இரண்டாவதில் ஆயிரத்து அறுநூறு வரை ஏறிவிட்டது. கூட வந்த இன்னொரு சீரத்தில் பழைய நோயின் தடம்; அது அம்சவல்லி.

“அற்புதமான ஜோடி. எந்த ஆடு இது? அதைப் பத்திரமா வச்சுக்கோ, விக்க விட்டுடாதே.”

“அது ஆடு இல்ல. நான்.”

 சாப்பிட்டாயா என்று கேட்டார். மத்தியானம் மூன்று மணிக்கு. மேலதிகாரிக்கு அவரே எழுதுவதாகச் சொன்னார்.

செப்டம்பர் 1, ஞாயிறு

ஸ்ரீபெரும்புதூர். வாசலில் நின்றேன். “தீர்த்தமாடிட்டு வா” என்ற குரல் வரவில்லை. அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் இப்படி எளைச்சுட்டே?”

சொன்னேன். எல்லாவற்றையும், வாசலில் நின்றபடியே. கிணற்றடிக்கு நானாகப் போனேன். வாளியை என் கையிலிருந்து வாங்கி அவரே இறைத்து ஊற்றினார். எழுபது வயசு. வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சாப்பிடும்போது தலை நிமிராமல் கேட்டார்.

“யார் பாத்துண்டா?”

“அம்சவல்லி. ஆடு மேய்க்கறவ. கோவில் கூழ் கொண்டுவந்து குடுத்தா, தெனமும் வந்தா.”

அவர் இன்னொரு கரண்டி மோரை என் சாதத்தில் ஊற்றினார்.

செப்டம்பர் 5

மேலதிகாரி ஜீப்பில் வந்து குட்டையைச் சுற்றிப் பார்த்தார். சிரிக்கவில்லை. ஸ்ட்ரெப்டோமைசின் வந்துவிட்டது. குட்டையைச் சுற்றி வேலிகாத்தான் முள் அடைத்தார்கள். கைப்பம்பு பக்கத்தில் சிமெண்ட் தொட்டிக்குக் கொத்தனார் வந்திருக்கிறார். அம்சவல்லி சினை ஆடுகளைத் தானே இழுத்துவந்து ஊசிக்கு நிறுத்தினாள். நேர்ந்துவிட்ட கிடாக்களை மட்டும் தள்ளிக் கட்டியிருந்தாள். அவற்றுக்கு ஆத்தாவிடம் கேட்டுச் சொல்கிறாளாம்.

செப்டம்பர் 9, திங்கள்

நேற்று கிளம்பும்போது அப்பா பை கொடுத்தார். கனமாக இருந்தது. பஸ்ஸில் பார்த்தேன். இரண்டு பொட்டலம்.

இன்று மத்தியானம் மருந்தகத்தில் உட்காரவில்லை. தொட்டியடிக்குப் போனேன். ஆடுகள் வரிசையாகத் தலை நீட்டிக் குடித்துக்கொண்டிருந்தன. ஒரு பொட்டலத்தை நீட்டி, எங்கப்பா உனக்குக் கொடுத்தார் என்றேன். புடவையில் கை துடைத்து வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உங்கப்பாருக்கு என்னை எப்படித் தெரியும் என்று கேட்டாள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பிரித்தோம். இரண்டு வாய் தின்றுவிட்டு நிதானமாகச் சொன்னாள்:

“நல்லாத்தான் கீது. வெங்காயம்தான் இல்ல. அடுத்த வாரம் போடச் சொல்லு.”

சொல்கிறேன் என்றேன்.