நாற்பத்திரண்டு பச்சை அட்டைகள்

அன்புள்ள தங்கைக்கு,

உன் அசட்டு அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் அண்ணி என்னை இப்போதெல்லாம் "பயிற்சியாளரே" என்றுதான் கூப்பிடுகிறாள். அந்தப் பட்டம் வந்த கதையைக் கேள்.

உன் வகுப்பில் பாடம் முடிந்ததும் புரிந்தவர்கள் பச்சை அட்டையும் புரியாதவர்கள் சிவப்பு அட்டையும் தூக்க வேண்டும் என்று எழுதியிருந்தாயே, அதை நானும் ஆரம்பித்தேன். இருபது வருடமாக "புரிஞ்சுதா?" என்று கேட்டு, "புரிஞ்சுது சார்" என்ற கோரஸைக் கேட்டுவிட்டு நிம்மதியாக வீடு திரும்பியவன் நான். முதல் நாளே இருபத்தாறு சிவப்பு. ஆடிப்போய்விட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். என் சொந்தச் சரக்கையும் கொஞ்சம் சேர்த்தேன். ஒரே ஒரு சிவப்பு இருந்தாலும் மறுபடி விளக்குவேன், அதுவரை யாரும் சாப்பிடப் போகக்கூடாது என்றேன். என் வகுப்போ சாப்பாட்டு மணிக்கு முந்தையது. இரண்டே வாரத்தில் வகுப்பு பச்சைப் பசேல் என்றாகிவிட்டது. என் விளக்கம்தான் அவ்வளவு பிரமாதம் என்று அறிவியல் வாத்தியாரிடம் பீற்றிக்கொண்டேன். மனுஷர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

கடைசி பெஞ்சில் ஒருத்தி மட்டும் தினமும் சிவப்பு. துணி தேய்க்கும் கடைக்காரியின் மகள். பின்னத்தைப் பின்னத்தால் வகுத்தால் விடை ஏன் பெரிதாகிறது என்று கேட்பாள். பசியோடு நாற்பத்தொரு பேர் திரும்பி அவளை முறைப்பார்கள். நான் "தலைகீழாப் போட்டுப் பெருக்கும்மா" என்று சொன்னதையே திரும்பச் சொல்வேன், கொஞ்சம் சத்தமாக.

ஆய்வாளர் வந்த அன்று நானே அவளிடம் போய் அந்தச் சிவப்பு அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இன்றைக்கு ஒருநாள் மட்டும் பச்சையைத் தூக்கச் சொன்னேன். நாற்பத்திரண்டும் பச்சை. ஆய்வாளர் கை குலுக்கினார். மற்றப் பள்ளி ஆசிரியர்களுக்கு இனி நான் பயிற்சி தர வேண்டுமாம்.

மறுநாளிலிருந்து அவள் வரவில்லை.

பிறகு பரீட்சை வந்தது. அதே கணக்கு. நாற்பத்தொரு பேரில் சரியாகப் போட்டவர்கள் மூன்றே பேர். நம்பாமல் இரண்டாம் தரமும் திருத்தினேன். மூன்றே பேர்தான்.

நேற்று கடைக்குப் போனேன். இஸ்திரிப் பெட்டி மகள் கையில் இருந்தது. படிப்பு ஏறவில்லை என்று மகளே சொல்லிவிட்டதாக அம்மாக்காரி சொன்னாள். நான் பரீட்சை விவரத்தைச் சொன்னேன். மகள் ஒரு சட்டையின் கையை மடித்தபடியே பேசினாள். "எனக்கு மட்டும்தான் புரியலன்னு நெனச்சேன் சார். அப்போ எல்லாரும் ஏன் சார் பச்சையத் தூக்கினாங்க?"

பேசியே சம்பளம் வாங்கும் வாயால் திரும்பி வரச் சொல்லிக் கெஞ்சினேன். "வேணாம் சார்" என்றாள். கோபமே இல்லை அவளுக்கு. அதைத்தான் தாங்க முடியவில்லை.

மாதக் கடைசிக்குள் வராவிட்டால் பதிவேட்டில் பெயரை அடித்துவிடுவோம் என்கிறார் தலைமையாசிரியர். நீ அவளுக்கு ஒரு கடிதம் எழுது. அவள் கேட்டது சரியான கேள்வி என்று மட்டும் எழுதினால் போதும். நான் சொன்னால் நம்ப மாட்டாள், நம்பவும் வேண்டாம். கடை முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். எனக்குப் பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை.

உன் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். அவர்களுக்கு என்னைப் போல ஒரு வாத்தியார் வாய்க்காமல் இருக்கட்டும்.

உன்
அண்ணன்